எர்த் குழி முதல் ஆர்.சி.சி.பி. வரை: கல்லுக்காட்டு ஜனங்கள் கேட்ட கேள்விகள்

பாலக்கோடு, மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை பக்கம் இருபத்துச் சொச்சம் வருடமாக வீட்டு ஒயரிங்கும் மோட்டார் வேலையும் பார்க்கிறேன். சுவிட்ச் என்ன கலர், ஃபேன் எந்தக் கம்பெனி என்று அரை நாள் பேசும் வீட்டுக்காரர், எர்த் என்று வந்தால் மட்டும் "அது அவசியமா போடணுமா?" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். ஆறு மாதம் கழித்து ஃப்ரிட்ஜைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறது என்று அவரிடமிருந்தே போன் வரும். அப்படித் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி வைத்திருக்கிறேன். முதல் ஐந்தையும் வரிசையாகப் படித்துவிடுங்கள். மற்றதெல்லாம் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

1. எர்த்துன்னா என்னணா? ரெண்டு கம்பியிலயே லைட்டு எரியுது, மூணாவது எதுக்கு?

ஃபேஸ் கரண்டைக் கொண்டுவருகிறது, நியூட்ரல் திரும்ப எடுத்துப்போகிறது. வேலை அந்த இரண்டோடு முடிந்தது. மூன்றாவது கம்பி சாதாரண நாளில் சும்மாதான் கிடக்கும். ஃப்ரிட்ஜ், கிரைண்டர், கீசர், மோட்டார், ஸ்டார்ட்டர் பெட்டி என்று கை படுகிற இரும்பு உடம்பையெல்லாம் மண்ணோடு கட்டிவைப்பதுதான் அதன் வேலை.

மண்ணோடு ஏன் கட்ட வேண்டும்? உங்கள் ஊர் டிரான்ஸ்பார்மரின் நியூட்ரலும் அங்கே மண்ணில்தான் புதைத்திருக்கிறது. அதனால் மண்ணே கரண்டு திரும்பிப் போகிற இன்னொரு பாதை. வெறுங்காலோடு நின்று ஃபேஸைத் தொட்டால் கை வழியாக ஏறி, கால் வழியாக இறங்கி, மண் வழியாக டிரான்ஸ்பார்மருக்குப் போய்ச் சேருகிறது. எலி கடித்தோ ஈரம் ஏறியோ உள்ளே ஃபேஸ் கம்பி உடம்பைத் தொட்டுவிட்டால், அந்தக் கரண்டுக்கு உங்களைவிடச் சுலபமான வழி ஒன்றைக் காட்டுவதே எர்த்.

2. எத்தனை கரண்டு பாஞ்சா ஆள் போயிடுவான்? எனக்குப் பல தடவ அடிச்சிருக்கு, ஒண்ணும் ஆகலையே?

நமக்கு வருவது 230 வோல்ட். ஆளைக் கொல்வது உடம்புக்குள் ஓடுகிற ஆம்பியர். சுமார் 10 மில்லி ஆம்பியர் ஓடினாலே கை இறுகிக்கொண்டு, பிடித்ததை விட முடியாது. 50 மில்லி ஆம்பியர் இதயத்தின் குறுக்கே ஓடினால், இதயம் துடிப்பு தப்பி நடுங்க ஆரம்பித்துவிடலாம். பழைய ஜீரோ வாட் குண்டு பல்பு நிஜத்தில் 15 வாட் வரை எடுக்கும். அதில் ஓடுவதே 65 மில்லி ஆம்பியர். பூஜை அறைப் பல்பு எரிகிற கரண்டு போதும் ஓர் உயிரை எடுக்க.

உங்களுக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம் காய்ந்த கை, காலில் செருப்பு, சட்டென்று உதறிய வேகம். அதே கை ஈரமாக, அதே கால் பாத்ரூம் தரையில் இருந்திருந்தால் உடம்பின் தடை ஆயிரம் ஓமுக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். 230-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர்.

3. மெயின் போர்டுல எம்.சி.பி. இருக்கே, அது டிரிப் ஆயிடாதா?

ஆகாது. எம்.சி.பி. என்பது அளவுக்கு மேல் கரண்டு ஓடினால் தானாக விழுகிற சுவிட்ச். அதுவும் பழைய பீஸ் கட்டையும் காப்பாற்றுவது ஒயரை, உங்களை அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 16 ஆம்பியர் வரை அது கண்டுகொள்ளாது. உயிர் போக 50 மில்லி ஆம்பியர் போதும் என்று மேலே பார்த்தோம். அதைப்போல முந்நூறு மடங்குக்கு மேல் ஓடினாலும் எம்.சி.பி. அமைதியாகத்தான் இருக்கும். ஒரு ஆள் ஷாக்கில் மாட்டிக்கொண்டிருப்பது அதன் கணக்கில் சின்ன பல்பு எரிகிற மாதிரி.

4. குழி தோண்டி, கரி உப்பு போட்டு, பைப் இறக்கி எர்த் பண்ணியாச்சு. இனி பயமில்லையே?

நான் அதிகம் மல்லுக்கட்டுவது இந்தக் கேள்வியோடுதான். கொஞ்சம் கணக்கு போடலாம், பொறுமையாகப் பாருங்கள்.

உங்கள் குழியின் தடை 20 ஓம் என்று வையுங்கள். நம் மொரம்பு நிலத்தில் கோடையில் இது அதிசயமே இல்லை. டிரான்ஸ்பார்மர் பக்கத்து எர்த் 2 ஓம். ஃப்ரிட்ஜின் உடம்பில் ஃபேஸ் முழுதாகத் தொட்டுவிட்டது. 230-ஐ 22-ஆல் வகுத்தால் ஓடுவது பத்தரை ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது. நாள் முழுக்க அந்தப் பத்தரை ஆம்பியர் மண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கும், மீட்டரும் ஓடும். ஃப்ரிட்ஜ் உடம்பில் அப்போது இருப்பது பத்தரை பெருக்கல் 20, அதாவது சுமார் 209 வோல்ட். எர்த் போட்ட ஃப்ரிட்ஜ்தான், தொட்டால் ஆள் காலி.

சரி, நல்ல குழி, 5 ஓம் என்றே வைப்போம். 33 ஆம்பியர் ஓடும். எம்.சி.பி. விழும், ஆனால் உடனே விழாது. வீட்டில் மாட்டுகிற சி வகை 16 ஆம்பியர் எம்.சி.பி. கண்ணிமைக்கும் நேரத்தில் விழ 80 முதல் 160 ஆம்பியர் வரை வேண்டும். 33 ஆம்பியருக்கு அது சூடேறித்தான் விழும், ஒரு நிமிடம்கூடப் பிடிக்கலாம். அதுவரை ஃப்ரிட்ஜ் உடம்பில் 160 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். போஸ்டிலிருந்து ஃபேஸ், நியூட்ரல் இரண்டு மட்டும் வந்து, எர்த்தை நாமே தோண்டிக்கொள்கிற நம் ஊர் ஏற்பாட்டில் குழி மட்டும் போதாது என்பதற்கு இதுதான் காரணம்.

5. அப்ப வேற என்ன பண்றது? அந்த ஆர்.சி.சி.பி.ங்கிறாங்களே, அதுவா?

அதுவேதான். கடையில் பழைய பழக்கத்தில் இ.எல்.சி.பி. என்று கேட்டாலும் இன்று கொடுப்பது ஆர்.சி.சி.பி.தான். ஃபேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும் எங்கேயோ மண்ணுக்குப் போகிறது என்று புரிந்துகொண்டு ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் லைனை வெட்டிவிடும். கசிவு பெரிதாக இருந்தால் இன்னும் வேகம். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் போட்டதையே வாங்குங்கள். 100, 300 என்று போட்டவை தீப்பிடிப்பதையும் பெரிய லைனையும் பார்க்கிறவை.

"அப்ப எர்த்தே வேண்டாமே?" என்று அடுத்த கேள்வி வரும். எர்த் இல்லாமலும் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும். ஆனால் கரண்டு கசிய வழி வேண்டுமே, அந்த வழி நீங்களாகத்தான் இருப்பீர்கள். நீங்கள் தொட்டு, அடி வாங்கிய பிறகுதான் விழும். எர்த் இருந்தால் கம்பி உடம்பைத் தொட்ட நொடியே, யாரும் பக்கத்தில் இல்லாதபோதே விழுந்துவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை முடிகிறது. ஃபேஸை ஒரு கையிலும் நியூட்ரலை மறு கையிலும் பிடித்துக்கொண்டால் இரண்டும் காப்பாற்றாது. உங்களை ஒரு பல்பு என்றே ஆர்.சி.சி.பி. நினைத்துக்கொள்ளும்.

6. எங்க கொல்லையில ரெண்டடி தோண்டுனா பாறை. எட்டடி குழிக்கு எங்க போறது?

தருமபுரி, கிருஷ்ணகிரியில் பாதிப் பேருக்கு இதே கதைதான். கிரானைட் வெட்டி எடுக்கிற மாவட்டத்தில் எட்டடி மண்ணுக்கு ஆசைப்படலாமா? ஈரக் களிமண்ணில் 4 ஓம் காட்டுகிற அதே இரண்டரை மீட்டர் பைப், பாறையும் மொரம்புமான இடத்தில் 100 ஓமைத் தாண்டும். பாறையை உடைத்துக் குழி தோண்டி, அதிலேயே அந்தக் கல்லைப் போட்டு மூடிவிட்டுப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது எர்த் குழி அல்ல, கல் தொட்டி.

ஆழம் கிடைக்காவிட்டால் நீளமாகப் போங்கள். மண் இருக்கிற இடமாகப் பார்த்து இரண்டடி ஆழத்தில் பத்துப் பதினைந்து மீட்டர் வாய்க்கால் வெட்டி, ஜி.ஐ. பட்டையை (துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை) படுக்கையாகப் போட்டு, குளத்து மண்ணோ களிமண்ணோ கொண்டுவந்து மூடலாம். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போய்த் தேங்கும் வாழைமரப் பக்கம் நல்ல இடம். தண்ணீர் வேகமாக ஓடுகிற ஓடை வேண்டாம், போட்ட மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும். இல்லையென்றால் இரண்டு மூன்று சின்னக் குழிகள் எடுத்து ஒன்றோடொன்று இணைக்கலாம். குழிகளுக்கு நடுவே பைப்பின் நீளத்தைப்போல இரண்டு மடங்கு இடைவெளி இருக்கட்டும். ஒட்டி ஒட்டிப் போட்டால் இரண்டு குழி செலவுக்கு ஒன்றரைக் குழி பலன்தான்.

இவ்வளவு செய்தும் 50, 60 ஓமுக்குக் கீழே வரவில்லையா? தலையில் கை வைக்காதீர்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் 100 ஓம் குழிகூட உயிரைக் காக்கும். 0.03 பெருக்கல் 100, மூன்று வோல்ட். அதற்கு மேல் சாமான் உடம்பில் வோல்ட் நிற்கப் பார்த்தால் லைன் விழுந்துவிடும். 4-ஆம் கேள்வியில் எம்.சி.பி.யை மட்டும் நம்பி இருந்தபோது 5 ஓமே போதவில்லை. பாறைக்காட்டுக்காரர் குழிக்குக் கொட்டுகிற பணத்தில் ஒரு பங்கை முதலில் ஆர்.சி.சி.பி. பெட்டிக்குச் செலவழிக்க வேண்டும் என்று நான் சண்டை போடுவது இதனால்தான்.

7. கரியும் உப்பும் எதுக்கு? கெமிக்கல் எர்த்துங்கிறாங்களே, அது நல்லதா?

கரி ஈரத்தைப் பிடித்து வைக்கும். உப்பு அந்த ஈரத்தைக் கரண்டு கடத்துகிற தண்ணீராக்கும். ஐ.எஸ். 3043 என்கிற எர்த் வேலைக்கான இந்தியத் தர ஏட்டில் உள்ள பழைய முறை இது. ஜி.ஐ. பைப் என்றால் குறைந்தது இரண்டரை மீட்டர் நீளம், பிளேட் என்றால் 60-க்கு 60 சென்டிமீட்டர், கட்டடத்திலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி. சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றி அடுக்குவார்கள்.

உப்பு பைப்பையும் தின்னும். சில வருடத்தில் மேலே கிளாம்ப் அடித்த இடம் துருப்பிடித்துப் பொடிப்பொடியாக இருக்கும். மழையில் உப்பு கரைந்தும் போய்விடும். பென்டோனைட் மாதிரியான மண்ணைச் சுற்றிப் போடுகிற கெமிக்கல் எர்த்தில் இந்தத் தொல்லை குறைவு. காசு இருந்தால் போடுங்கள். பழைய முறையே போட்டாலும் தப்பில்லை, மேலே புனல் வைத்து மாசியிலிருந்து ஆடி வரை வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். குழி போட்ட அன்று ஊற்றிய தண்ணீரோடு கதையை முடித்த வீடுகள்தான் அதிகம்.

8. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் பல்பு போட்டுப் பாத்தேன், நல்லா பளிச்சுன்னு எரியுது. எர்த் சூப்பர்தானே?

நானும் பல வருடம் இதையே நம்பினேன். ஹோல்டரில் 100 வாட் பல்பு, எரிந்தால் எர்த் பாஸ். பிறகு ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 வாட் பல்பு எடுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. 20 ஓம் குழியில் அதனால் குறைவது வெறும் 9 வோல்ட். 230-க்கு 221 வந்தால் பல்பில் கண்ணுக்கு என்ன வித்தியாசம் தெரியும்? பல்பு எரிந்தால் கம்பி எங்கேயோ மண்ணைத் தொடுகிறது என்று மட்டும் அர்த்தம். எரியாவிட்டால் கம்பியே அறுந்திருக்கிறது. நல்ல குழி எது, மோசமான குழி எது என்று அது பிரித்துச் சொல்லாது. ஆர்.சி.சி.பி. இருக்கிற வீட்டில் இந்தச் சோதனை செய்தால் பல்பு எரிவதற்குள் லைன் விழுந்துவிடும், அது சரியான அறிகுறிதான்.

டெஸ்டர் இதற்கு உதவவே உதவாது. சரியாக அளக்க எர்த் மெக்கர் வேண்டும். குழியிலிருந்து தள்ளித் தள்ளி இரண்டு முளை அடித்து அளப்பார்கள். ஐப்பசி மழையில் அளந்து சந்தோஷப்பட வேண்டாம், சித்திரையில் அளந்து பாருங்கள்.

9. போர் கேசிங் பைப்லயே எர்த் கட்டிட்டா குழி செலவு மிச்சமில்ல?

நம் பக்கம் போர் ஆயிரம் அடி போனாலும் கேசிங் போவது பாறை தட்டும் வரைதான். அதற்குக் கீழே வெறும் துளை. புது போர்களில் பி.வி.சி. கேசிங், அதில் கட்டினால் பிளாஸ்டிக்கில் கட்டியதுதான். இரும்பு கேசிங்காக இருந்தாலும் உங்கள் எர்த்தோடு அதை இணைத்து வையுங்கள், ஆனால் அதை மட்டுமே நம்ப வேண்டாம். அதன் தடை எவ்வளவு என்று அளக்காமல் கட்டினால் கோளாறு வருகிற அன்று கேசிங், டெலிவரி பைப், கேட் வால்வு எல்லாமே கரண்டாகிவிடும். அங்கேதான் பெண்கள் குடம் வைக்கிறார்கள், பிள்ளைகள் குளிக்கிறார்கள்.

10. எங்க எலக்ட்ரீசியன் சுவிட்ச் போர்டுலயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயர்ல சேத்துட்டான். எல்லாம் நல்லா ஓடுதே?

இன்றே எடுத்துவிடுங்கள். எர்த் கம்பி இழுக்கச் சோம்பல்பட்டவன் செய்கிற வேலை இது. நியூட்ரல் எங்காவது லூசானாலோ அறுந்தாலோ, ஓடிக்கொண்டிருக்கிற சாமான் வழியாக ஃபேஸ் திரும்பி வந்து அந்தத் துண்டு ஒயர் வழியாக ஃப்ரிட்ஜ் உடம்பில் ஏறும். சாமானில் எந்தக் கோளாறும் இல்லாமலே உடம்பு முழுக்க 230 வோல்ட். லைனில் ஃபேஸும் நியூட்ரலும் மாறிப்போனாலும் இதே கதிதான்.

இந்த ஒயர் இருக்கிற வீட்டில் எர்த் கம்பி குழிக்கும் போயிருந்தால் ஆர்.சி.சி.பி. நிற்கவே நிற்காது. "இந்தப் பெட்டி சும்மா சும்மா விழுது" என்று புகார் வந்தால் நான் முதலில் திறந்து பார்ப்பது சாக்கெட்டைத்தான்.

11. மூணு பின் பிளக்குல மேல இருக்கிற பின்னு மட்டும் ஏன் குண்டா, நீளமா இருக்கு? அத வெட்டிட்டா டூ பின்ல சொருகலாமே?

நீளமாக இருப்பதால் சொருகும்போது எர்த் முதலில் சேரும், பிடுங்கும்போது கடைசியாகப் பிரியும். குண்டாக இருப்பதால் தப்பிப்போயும் ஃபேஸ் ஓட்டையில் நுழையாது. அதை வெட்டினால் இதுவரை சொன்ன அத்தனையும் அந்தச் சாமானுக்கு இல்லாமல் போகும். அயர்ன் பாக்ஸ் ஒயரை மாற்றும்போது பச்சை ஒயரைக் கத்தரித்துவிட்டு இரண்டை மட்டும் கட்டுவதும் இதே குற்றம்தான்.

போன் சார்ஜர், டிரிம்மர் போன்றவை இரண்டு பின்னோடு வருகிறதே என்பீர்கள். அவற்றின் மேல் சதுரத்துக்குள் சதுரம் போட்ட முத்திரை இருக்கும். உள்ளே இரட்டைக் காப்பு கொடுத்திருக்கிறது, எர்த் தேவையில்லை என்று அர்த்தம்.

12. லேப்டாப்பத் தொட்டா மெல்லிசா சுர்ருங்குது. வாஷிங் மிஷின்லயும் அப்படித்தான். ஆபத்தா?

லேப்டாப், கம்ப்யூட்டர், புது வாஷிங் மிஷின் போன்றவற்றில் இரைச்சலை வடிகட்டுகிற சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் அவை வழியாக மிகக் குறைந்த கரண்டு சாமானின் உடம்புக்கு வந்து நிற்கும். டெஸ்டர் வைத்தால் மினுக்கும், ஆளைக் கொல்லாது. மூன்று பின் சாமான் என்றால், அது உங்கள் சாக்கெட்டில் எர்த் இல்லை என்பதற்கான இலவச அறிவிப்பு.

ஈரக் கையால் தொட்டு வலுவாக அடித்தால், முன்பு இல்லாமல் புதிதாக ஆரம்பித்திருந்தால், அது வேறு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கீசர், தண்ணீர் ஹீட்டர் கம்பியில் சுர்ரென்றால் "மெல்லிசா" என்கிற பேச்சுக்கே இடமில்லை.

13. மழை வந்தா ஆர்.சி.சி.பி. விழுந்துகிட்டே இருக்கு. வந்த ஆளு "அத நேரா குடுத்துடலாம்"ங்கிறான். குடுக்கலாமா?

விழுவது பெட்டியின் குறை அல்ல, அது சொல்கிற சேதி. மாடிக்குப் போகிற ஒயரில் தண்ணீர் இறங்கியிருக்கும், வெளி லைட் ஹோல்டரில் நனைந்திருக்கும். எல்லா எம்.சி.பி.யையும் கீழே தள்ளி, ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ அந்த லைனில் தேட வேண்டும். அதன் சாமான்களைப் பிடுங்கிவிட்டுத் தூக்கினால் நிற்கிறதா, குறை சாமானில். அப்போதும் விழுகிறதா, ஒயரில். எல்லா எம்.சி.பி.யும் கீழே இருந்தும் நிற்கவில்லை என்றால் 10-ஆம் கேள்வியைப் பாருங்கள். இன்வெர்ட்டர் நியூட்ரலையும் லைன் நியூட்ரலையும் கலந்துவிட்டாலும் விழும், அதையும் சந்தேகப்படுங்கள்.

விழாமலே வருடக்கணக்கில் இருக்கிற பெட்டியிலும் "டி" (T) என்று போட்ட பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். அழுத்தியதும் விழ வேண்டும், விழாவிட்டால் மாற்றுங்கள். அந்தப் பொத்தான் பெட்டியைத்தான் சோதிக்கிறது, உங்கள் எர்த் குழியை அல்ல. பொத்தான் வேலை செய்கிறது, அதனால் எர்த் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

14. மூணு ஃபேஸ் மோட்டாருக்கும் இதேதானா?

மோட்டார் உடம்புக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு வேண்டும், ஒன்று அறுந்தாலும் மற்றது நிற்க. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதியும் அதையே சொல்கிறது. கொல்லைகளில் இரண்டு எர்த் கட்டிய மோட்டாரை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். ஸ்டார்ட்டர் பெட்டியின் இரும்புக் கதவுக்கும் எர்த் வேண்டும், ராத்திரி லைன் வந்ததும் ஈரக் காலோடு போய் நாம் தொடுவது அதைத்தான்.

ஆழமான போரில் பழைய கேபிள் இருந்தால் லேசான கசிவு எப்போதும் இருக்கும், 30 மில்லி ஆம்பியர் நிற்காது. அங்கே மோட்டாருக்கு 100 மில்லி ஆம்பியர் நான்கு போல் (மூன்று ஃபேஸும் நியூட்ரலும் நுழைகிற) ஆர்.சி.சி.பி. போட்டு, ரூம் லைட்டுக்கும் சாக்கெட்டுக்கும் தனியாக 30 போடுகிறேன். 6-ஆம் கேள்விக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், 100 ஓம் குழிக்கும் இது 10 வோல்ட்டுக்குள் அடங்கும். பட்டுப்புழு மனைக்கு மட்டும் 30-க்கு மேல் பேச்சே இல்லை. தரையெல்லாம் ஈரம், தண்ணீர் தெளிக்கிற மிஷின், கால் வைக்கிறது வெறுங்கால்.

15. தகர ஷீட்டு வீடு. துணி காயப்போடுற கம்பியில ஷாக் அடிச்சிடுச்சு. கம்பிக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

போஸ்டிலிருந்து வருகிற சர்வீஸ் ஒயரைத் தாங்குகிற இரும்பு பைப்பிலோ ஷீட்டின் ஓரத்திலோ துணிக் கம்பியைக் கட்டியிருப்பீர்கள். காற்றில் ஆடி ஆடி ஒயரின் தோல் உரிந்து பைப்பைத் தொட்டால் ஷீட்டு, பைப், கம்பி மூன்றும் ஒரே லைன். நனைந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு தொடுகிறவருக்கு 2-ஆம் கேள்வியில் சொன்னதில் மோசமான பக்கம்தான் கிடைக்கும்.

இங்கே உங்கள் ஆர்.சி.சி.பி. காப்பாற்றாது. கோளாறு மீட்டருக்கு முன்னால் நடக்கிறது, பெட்டி அதற்குப் பின்னால் இருக்கிறது. துணிக்கு நைலான் கயிறு கட்டுங்கள், பைப்பையும் ஷீட்டையும் எர்த்தோடு இணையுங்கள், தோல் உரிந்த சர்வீஸ் ஒயரை மாற்றச் சொல்லுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. போஸ்டை இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பியில் துணி போடுவதையும் மாடு கட்டுவதையும் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

16. பன்றி வந்து கடலையைத் தோண்டிப்போடுது. வேலிக்கு மோட்டார் லைன்ல இருந்து ஒரு ஃபேஸ் குடுத்து, எர்த் சரியா போட்டுட்டா தப்பில்லைல?

தப்பு, குற்றம், கொலையும்கூட. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கம் ஒரு விவசாய நிலத்தில் இப்படிக் கொடுத்த வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர்கள் செத்ததும் நம் மாவட்டங்களுக்குப் புதிதல்ல. எந்த எர்த்தும் இதைச் சரியாக்காது.

அனுமதியோடு வைக்கிற சோலார் வேலி வேறு. அதில் எனர்ஜைசர் என்கிற பெட்டி நொடிக்கு ஒரு தடவை, கண்ணிமைப்பதைவிடக் குறைந்த நேரம் மட்டும் அடி கொடுக்கும். அந்தப் பெட்டிக்கும் எர்த் வேண்டும், எர்த் மோசமானால் வேலி அடிக்காது. அது வீட்டு எர்த்தோ மோட்டார் எர்த்தோ ஆகக் கூடாது, குறைந்தது 10 மீட்டர் தள்ளித் தனியாக அடியுங்கள்.

17. எர்த் போட்டா இடிக்கும் பாதுகாப்புதானே? மாடியில சோலார் வேற போட்டிருக்கேன்.

இல்லை. இடிக்கு இடிதாங்கி வேண்டும், அதற்குத் தனிக் குழி வேண்டும். சோலார் போடுகிறவர்கள் பேனல் பக்கத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டர் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என்று மூன்று குழி எடுப்பது வழக்கம். எடுத்தார்களா என்று எண்ணிப் பாருங்கள். சித்திரை, வைகாசி இடிமழையில் டி.வி., மோடம் பிளக்கைப் பிடுங்கி வைப்பது இன்றைக்கும் நல்ல பழக்கம்.

18. வாடகை வீடு. ஓனர் எர்த் போடமாட்டேங்கிறார். நான் என்ன பண்ண முடியும்?

ஓசூர் பக்கம் கம்பெனி வேலைக்கு வந்து தங்கியிருக்கிறவர்கள் அதிகம் கேட்பது இது. குழி தோண்ட உங்களுக்கு இடமில்லை, ஆனால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை மெயினுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளலாம். காலி செய்யும்போது கழற்றிக்கொண்டும் போகலாம். 5-ஆம் கேள்வியில் சொன்ன மாதிரி, தொட்ட பிறகுதான் விழும். ஒரு அடி விழும், உயிர் நிற்கும். பாத்ரூம் குழாயில் எர்த் கட்டுவது மட்டும் வேண்டாம். பைப் பி.வி.சி. என்றால் பயனில்லை, இரும்பு என்றால் உங்கள் கீசர் கெட்ட அன்று மேல் வீட்டுக்காரர் குழாயைத் திறந்து அடி வாங்குவார்.

19. பக்கத்து வீட்ல நல்ல குழி இருக்கு. அவங்க எர்த்துல என்னோடதையும் சேத்துக்கவா?

அவர் வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், 4-ஆம் கேள்வியில் சொன்னபடி அவர் கிரைண்டரில் கோளாறு வந்து எர்த் கம்பியில் 160 வோல்ட் நின்றால், அதே 160 உங்கள் ஃப்ரிட்ஜ் உடம்பிலும் நிற்கும். உங்கள் பெட்டியும் விழாது. உங்கள் ஃபேஸும் நியூட்ரலும் சமமாகத்தானே இருக்கின்றன, அதற்கு ஒன்றும் தெரியாது. இரண்டு வீட்டிலும் ஆர்.சி.சி.பி. இருந்தால் சேர்ப்பது லாபம், இரண்டு குழியும் சேர்ந்து தடை குறையும்.

20. கண்ணு முன்னாடி ஒருத்தருக்கு ஷாக் அடிச்சா?

அவரைத் தொடாதீர்கள், மெயினைத் தள்ளுங்கள். மெயின் தூரம் என்றால் காய்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளிவிடுங்கள். மூச்சு இல்லாவிட்டால் நெஞ்சின் நடுவே இரண்டு கையாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். வாயில் தண்ணீர் ஊற்றுவதும் மண்ணில் புதைப்பதும் வேண்டாம்.

21. லைன் அறுந்து விழுந்த இடத்துல மாடு செத்துப்போச்சு, கூட நடந்த எனக்கு ஒண்ணும் ஆகலை. மாடு கம்பியத் தொடவேயில்லை. இது எப்படிணா?

ஒரு பெரியவர் கேட்டது. கம்பி விழுந்த இடத்தில் மண்ணுக்குள் கரண்டு எல்லாப் பக்கமும் பரவுகிறது. கம்பிக்குப் பக்கத்தில் வோல்ட் அதிகம், தள்ளிப்போகப் போகக் குறையும். அதனால் மண்ணின் இரண்டு இடங்களுக்கு நடுவிலேயே வோல்ட் இருக்கும். மனிதன் நடக்கும்போது இரண்டு காலுக்கும் நடுவே இரண்டு, இரண்டரை அடி. மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே நாலைந்து அடி. அதற்குக் கிடைக்கிற வோல்ட் அதிகம், போதாததற்கு அந்தக் கரண்டு போகிற வழியில்தான் இதயம் இருக்கிறது. அவர் காலில் ரப்பர் செருப்பும் இருந்தது. கம்பி அறுந்து கிடந்தால் பக்கத்தில் போகவே வேண்டாம். தெரியாமல் போய்விட்டால் ஓடாதீர்கள், இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்துத் தேய்த்துத் தேய்த்து விலகுங்கள்.

உங்கள் எர்த் குழியைச் சுற்றியும் கோளாறு நேரத்தில் இதே மாதிரி வோல்ட் பரவும். பாறைக்காட்டுக் குழியில் இன்னும் அதிகமாக. மாட்டுக் கொட்டகையில் எப்போதும் ஈரம் இருக்கிறது, குழியை அங்கேயே தோண்டிவிடலாம் என்று சிலர் இடம் காட்டுவார்கள். நான் அவர்களிடம் வாழைமரப் பக்கம் கையைக் காட்டுவேன்.